முகம் மட்டும் என்னுடையது

குழந்தை நட்சத்திரம் என்பது பதினோரு வயதில் ரிட்டயர் ஆக வேண்டிய உத்தியோகம், பென்ஷன் கிடையாது, அதற்குப் பதிலாக ஆயுள் முழுக்க "அது நீங்கதானா?" என்ற கேள்வி உண்டு.

கல்யாண வீட்டில் நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தப்பட்டு, "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று கட்டளையிடப்பட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்கு அந்த அவஸ்தை ஒரு சாயங்காலத்தோடு முடிந்தது. எனக்கு ஆறு வருஷம் நடந்தது, லைட்டும் போட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் இப்போது கிளற ஒரு காரணம் இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் பெங்களூரை விட்டுச் சிவகாசிக்குத் திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயந்தி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட் நடத்துகிறாள். வெடிமருந்தை இங்கே வெறும் 'மருந்து' என்றுதான் சொல்வோம். போன மாதம் அவள் யூனிட்டில் பேச்சி என்கிற பெண் மருந்துத் தட்டைத் தூக்காமல் தரையோடு இழுத்திருக்கிறாள். கீழே கொஞ்சம் மருந்து சிந்திக் கிடந்திருக்கிறது. உரசல், பொறி, உள்ளங்கை வெந்துவிட்டது. அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அது அந்த உள்ளங்கையோடு நின்றது எப்படி என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் ஒலிபெருக்கியில் "தட்டுகளை இழுக்காதீர்கள்" என்ற அறிவிப்பு ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். யார் காதிலும் ஏறவில்லை. "காதுல ஏறுற மாதிரி ஒரு குரல் வேணும்டி. நீ சினிமாவுல பேசுனவ" என்று ஜெயந்தி என்னிடம் வந்து நின்றாள். அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நான் நடித்த ஒன்பது படங்களில் எதிலும் என் குரல் கிடையாது. ஒரு வார்த்தைகூட.

மைதா வெண்ணெய்

அப்பா ஓர் அச்சகத்துக்காகக் காலண்டர் சாம்பிள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கிறவர். ஒரு வருஷம் வெண்ணெய் திருடும் கிருஷ்ணன் படத்துக்கு ஏற்பாடு ஆனது. மதுரையிலிருந்து போட்டோகிராபர் வந்து இறங்கிய அன்று, கிருஷ்ணனாக நிற்க வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. அப்பா வீட்டுக்கு ஓடிவந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைக் கை கழுவக்கூட விடாமல் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அப்போது ஐந்து வயது. லைட் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும் என்று மைதா மாவைப் பிசைந்து உறியில் வைத்திருந்தார்கள். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வாய் அள்ளிப் போட்டேன். அந்த அதிர்ச்சி முகத்தைத்தான் போட்டோகிராபர் எடுத்தார். 'தெய்வீகக் குறும்பு' என்று காலண்டர் வாங்கியவர்கள் சொன்னார்கள். பச்சை மாவைத் தின்ற முகம் அது.

அந்தக் காலண்டர் சென்னையில் ஒரு சினிமா கம்பெனி ஆபீஸ் சுவரில் தொங்கியிருக்கிறது. கடிதம் வந்தது. அப்பாவும் அம்மாவும் நானும் ரயிலேறிப் போனோம். கம்பெனி மேனேஜர் என் ரெட்டைச் சடையைப் பார்த்தார், சுவரில் இருந்த கிருஷ்ணனைப் பார்த்தார், மறுபடியும் சடையைப் பார்த்தார். எங்கள் ரயில் டிக்கெட் வீணாகப் போகிறதென்று அம்மா முந்தானையைக் கசக்க ஆரம்பித்துவிட்டாள். மேனேஜர் கையைத் தட்டிப் பார்பரைக் கூப்பிட்டார்.

"பொண்ணா? அதனால என்ன, கிராப் வெட்டி டவுசர் மாட்டிட்டா பையன்தானே!"

மழை நின்ற சந்தோஷம்

முதல் படத்தில், குடித்துவிட்டுத் தெருவில் மழையில் கிடக்கும் அப்பாவை மகன் தேடி வந்து எழுப்ப வேண்டும். வசனம் ஒரே வரி: "மழை நின்னுடுச்சுப்பா, வா வீட்டுக்குப் போகலாம்." இதைச் சொல்லி அழ வேண்டும். தண்ணி லாரி வந்தது, குழாய் வைத்து மழை பெய்தார்கள். நான் பிறந்த ஊரில் அவ்வளவு மழையை ஒன்றாகப் பார்த்ததே இல்லை. அதைவிட, எனக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. மழை நின்றால் எதற்கு அழ வேண்டும்? எங்கள் தெருவில் மழை நின்றால் எல்லாரும் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். மழை பெய்தால் மருந்து காயாது, லேபிள் ஒட்டாது, அன்றைய வேலை போச்சு. மழை நிற்பதைவிடச் சந்தோஷமான செய்தி எங்கள் ஊரில் கிடையாது.

ஆகவே நான் ஓடிப்போய், கீழே கிடந்த பெரிய நடிகரை உலுக்கி, வாயெல்லாம் பல்லாக அந்த நல்ல செய்தியைச் சொன்னேன். எங்கள் ஊர் பாஷையில்தான் சொன்னேன்: "மள நின்னுருச்சுப்பா, வா வீட்டுக்குப் போவோம்!" சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அழ வேண்டிய எடத்துல இந்தப் பொண்ணு சிரிக்குது, எனக்கு அழுகை வருது. ஷாட் ஓகே. ஆனா அந்த 'மள'யை மட்டும் யாராவது என்னன்னு பாருங்கய்யா!"

வாழைப்பழ வைத்தியம்

அந்த 'மள'யை என்னவென்று பார்க்கும் பொறுப்பு ஓர் உதவி டைரக்டர் தலையில் விழுந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட நல்ல மனிதர். எங்கள் பக்கத்தில் 'ழ' என்கிற எழுத்து சிலேட்டில் இருக்கும், வாயில் இருக்காது. அப்பா ஆசைப்பட்டு எனக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தார். வைத்தாரே தவிர, அவருக்கே அதைச் சொல்ல வரவில்லை, 'தேனு' என்றுதான் கூப்பிடுவார். இந்த நிலையில் அந்த உதவி டைரக்டர் தினமும் ஒரு சீப்புப் பழத்தோடு வருவார். "வாழைப்பழம் சொல்லு, ஒண்ணு தரேன்" என்பார். "வாளப்பளம்" என்பேன். "கிட்ட வந்துட்டே, இன்னொரு தடவை" என்று ஊக்கத்துக்கு ஒன்று தருவார். நாக்கை மடித்து மேலே கொண்டுபோய்க் காட்டுவார். எனக்கு அவர் நாக்கின் அடிப்பக்கம் நீல நரம்போடு இருப்பது ஆச்சரியமாக இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே தப்பாகச் சொல்வேன்.

'மழலை' என்ற சொல்லைச் சொல்லத் தெரியாத மழலை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பத்து நாள் ஆனதும் டைரக்டர் அறிக்கை கேட்டார். உதவி டைரக்டர் காலிச் சீப்பைத் தூக்கிக் காட்டினார்.

"பழம் எல்லாம் உள்ள போயிடுச்சு சார், 'ழ' மட்டும் வெளிய வரல!"

குரல்காரம்மா

அதனால் எனக்குக் குரல் கொடுக்க ஆள் வைத்தார்கள். அந்தக் காலத்தில் படம் எடுத்து முடித்த பிறகு, இருட்டு அறையில் திரையைப் பார்த்துத் தனியாகத்தான் வசனம் பேசிச் சேர்ப்பார்கள். என்னை யாரும் அங்கே கூப்பிடவில்லை. எனக்குப் பதிலாகப் பேசப்போகிற அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் அழிச்சாட்டியம் பண்ணினேன். என்னை மாதிரியே கிராப் வெட்டிய ஒரு பெண்ணைக் கற்பனை பண்ணிக்கொண்டு, கொடுப்பதற்கு ஒரு மிட்டாய்கூட வைத்திருந்தேன்.

உள்ளே இருந்தவர் ஓர் ஆறடி அம்மா. நாற்பது வயது இருக்கும். வெற்றிலையை ஒரு பக்கம் அதக்கிக்கொண்டு, முட்டி வலிக்கிறதென்று ஸ்டூல் கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் நான் ஓடினேன். அந்த அம்மா வெற்றிலையை மறுபக்கம் ஒதுக்கி, கன்னத்தை உள்ளே இழுத்து, "மழை நின்னுடுச்சுப்பா" என்றார். என் வாயிலிருந்து பூ மாதிரி ஒரு குரல் வந்தது. நான் பயந்துபோய் என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். அப்படியென்றால் என் குரலை என்ன செய்தார்கள், எங்கே கொட்டினார்கள் என்று அவரிடமே கேட்டேன். அவர் சிரித்து, என் கையில் இருந்த மிட்டாயை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"உன் குரல நான் ஏன் தொடப்போறேன், கண்ணு? அது உன்கிட்டயேதான் கிடக்கும், தேடிப் பாரு. ஆனா ஒண்ணு, உனக்கு ஒரு பல்லு விழுந்தா வேலை போச்சு. எனக்கு அத்தனை பல்லும் விழுந்தாலும் மழலைக்கு இன்னும் நல்லதுதான்!"

அனுமதி இல்லாமல் வளர்ந்தது

அந்த அம்மா சொன்னது பலித்தது. முதலில் பல் விழுந்தது. பஞ்சில் மெழுகு வைத்து ஒட்டினார்கள். ஒரு பாட்டுக்காட்சியில் அதை விழுங்கிவிட்டேன். அதைக்கூடச் சமாளித்தார்கள். உயரத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. என் அம்மா எனக்கு இரண்டு சைஸ் பெரிய சட்டையாகவே வாங்குவாள், சட்டைக்குள் நான் சின்னதாகத் தெரிவேன் என்று. பால் நிறுத்தப்பட்டது. தொங்கி விளையாடத் தடை. ஒன்றாம் வகுப்புத் தமிழில் படித்த நான் சென்னையில் இங்கிலீஷ் கான்வென்ட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் போய், கடைசி பெஞ்சில் கிராப்புத் தலையோடு உட்கார்ந்திருப்பேன். பெண்கள் என்னைப் பையன் என்று சேர்க்க மாட்டார்கள், பையன்கள் பெண் என்று சேர்க்க மாட்டார்கள். வீட்டில் அப்பா ஆல்பத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, என் போட்டோக்களைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்.

பதினோரு வயதில் ஒரு படம். கோடை விடுமுறைக்கு முன்னால் வீட்டுக்குள் ஓடுகிற காட்சியும், விடுமுறைக்குப் பின்னால் அதே வீட்டை விட்டு வெளியே வருகிற காட்சியும் எடுத்தார்கள். உள்ளே போன பையன் வெளியே வரும்போது நாலு விரற்கடை உயர்ந்திருந்தான். புரொடக்ஷன் மேனேஜர் கதவு நிலையில் என்னை நிறுத்தி அளந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, மனசு விட்டுப்போன மாதிரி இருந்தது. அது என் கடைசிப் படம்.

"போன மாசம் சரியாத்தானே இருந்தே, பாப்பா? யாரைக் கேட்டு வளந்தே?"

பெங்களூரில் பிடிபட்டது

அப்புறம் படிப்பு, இங்கிலீஷ், பெங்களூர். வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசும் ஒரு கம்பெனியில், புதிதாக வருகிறவர்களின் வாயிலிருந்து அவரவர் ஊரைத் துடைத்து எடுக்கும் வேலை எனக்கு. சிரிக்காதீர்கள், அதற்கு நல்ல மரியாதை உண்டு. நாக்கை எங்கே மடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிக் கொடுத்தேன். அதற்கிடையில் எனக்கு 'ழ' வந்துவிட்டது. ஒருநாள் குளியலறையில் தனியாக வாழைப்பழம் என்று சொல்லிப் பார்த்தபோது சுத்தமாக வந்தது. கைதட்ட யாரும் இல்லை.

ஒரு வகுப்பில் நேரமாகிவிட்ட எரிச்சலில், நல்ல இங்கிலீஷில் நான்கு வாக்கியம் சொல்லிவிட்டு, எல்லாருடைய ஹெட்போனையும் மேஜையில் வைக்கச் சொல்ல வந்த நான் "அங்கன வைங்க" என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் பாதிப் பேர் வேற்று மாநிலத்தவர், யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த பெண் மட்டும் தலையைத் தூக்கினாள். அதுவரை வாயே திறக்காதவள். தொலைந்த பொருள் ரோட்டில் கிடப்பதைப் பார்த்த மாதிரி அவள் முகம் விரிந்தது.

"மேடம், நீங்க சாத்தூர்ப் பக்கமா? அப்ப எதுக்கு எங்களப் போட்டு இந்தப் பாடு படுத்துறீக?"

காரியாபட்டிக் கல்யாணம்

ஊருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் காரியாபட்டியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். உங்கள் பழைய நாற்காலி மறுபடியும் எனக்காகக் காத்திருந்தது. இந்தத் தடவை அது பந்தல் மைக். "மழை வசனப் புகழ்" என்று ஒருவர் அறிவித்து என் கையில் மைக்கைத் திணித்தார். சின்ன வயதில் அதைப் பார்த்து அழுதவர்கள் எல்லாம் பேரன் பேத்தியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழி இல்லாமல், "மழை நின்னுடுச்சுப்பா, வா வீட்டுக்குப் போகலாம்" என்றேன். 'ழ' அருமையாக விழுந்தது. முன்வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த குரல் வெற்றிலை அதக்கிய அந்த அம்மாவின் குரல். அவர் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ தெரியவில்லை.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த பெரியவர் ரசம் வரும்வரை பொறுத்துப் பார்த்தார். அப்புறம் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாமல், என் மானத்தைக் காப்பாற்றுகிற தோரணையில் கேட்டார்.

"மூஞ்சி அதே மூஞ்சிதான், ஒத்துக்கிடுதேன். ஆனா குரலு வேற யாருதோ மாதிரி இருக்கே. நெசமாவே நீங்கதானா, இல்ல அவுக தங்கச்சியா?"

செய்தி வாசித்தது

ஆக, ஜெயந்தி கேட்டபோது எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். முகத்துக்கு வேலை இல்லாத வேலை இது. நான் பேசுவதைக் கேட்டுத்தான் ஒருத்தி தட்டைத் தூக்க வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த தடவை உள்ளங்கையோடு நிற்குமா என்று தெரியாது. கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பியின் சின்ன ஸ்டூடியோவில் பதிவு பண்ணினோம். எழுதிக் கொடுத்ததை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். "தட்டுகளை இழுக்காதீர்கள். கீழே சிந்திய மருந்தை மிதிக்காதீர்கள். வழியை அடைக்காதீர்கள்." மூன்று வாக்கியத்திலும் 'ழ' இருந்ததைக் கவனியுங்கள். எனக்காகவே எழுதிய மாதிரி. மூன்றும் மணி மணியாக வந்தன. அந்தச் சோடாபுட்டி உதவி டைரக்டர் கேட்டிருந்தால் ஒரு தார் பழமே வாங்கிக் கொடுத்திருப்பார்.

மறுநாள் காலை யூனிட்டுக்குப் போனேன். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சில்க் புடவையோடு உள்ளே விட மாட்டோம் என்று ஒரு பருத்திச் சேலையைக் கொடுத்து மாற்றச் சொன்னார்கள். செம்புத் தகட்டில் கையை வைத்து உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். எல்லாம் செய்தேன். வேன்களில் வந்து இறங்கிய பெண்கள் சாப்பாட்டுத் தூக்கை மரத்தடியில் வைத்துவிட்டு, அவரவர் அறைக்குப் பிரிந்து போனார்கள். வேப்பமரத்து ஒலிபெருக்கியில் என் குரல் ஆரம்பித்தது. நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். ஒருத்தி தலையில் பூவைச் சரி பண்ணினாள். ஒருத்தி பக்கத்து வீட்டு ஆடு தன் முருங்கையைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையை எல்லாரும் கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. முத்துமாரி என்கிற சூப்பர்வைசர் பெண், என் வயதுதான் இருக்கும், என் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"நல்லாத்தான் வாசிக்கீகக்கா. செய்தி முடிஞ்சப்பறம் பாட்டுப் போடுவாகளா?"

இவ்வளவு நாள் எங்கே இருந்தது

எனக்குச் சோர்வாக இருந்தது. அதைவிட அதிகம் வேடிக்கையாக இருந்தது. ஒரு குரலைக் காது எதற்காக உள்ளே விடுகிறது, எதற்காக வாசலிலேயே நிறுத்துகிறது? இருபது வருஷம் அதே தொழிலில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, அறைகளுக்கு வெளியே போட்ட கோட்டைத் தாண்டாமல் முத்துமாரியோடு நடந்தேன். ஒலிபெருக்கி இரண்டாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது அறை வாசலில் ஓர் இளம்பெண் குனிந்து, காய வைக்க வேண்டிய தட்டின் விளிம்பைப் பிடித்தாள். பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிட்டு இரண்டு பேராகத் தூக்க வேண்டிய தட்டு. பக்கத்தில் இருந்தவள் திரி அடுக்கிக்கொண்டிருந்தாள். 'இதற்குப் போய் அவளை எதற்குக் கூப்பிட்டுக்கொண்டு' என்று நினைத்திருப்பாள் போல. ஒரு கையால் தட்டைத் தன் பக்கம் இழுக்க ஆரம்பித்தாள். அதே நொடி மரத்தின் மேலிருந்து நான் மிக அழகாக, "தட்டுகளை இழுக்காதீர்கள்" என்றேன். அவள் நிறுத்தவில்லை. கீழே நின்றிருந்த நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் கத்தினேன்.

"ஏ பிள்ள! இளுக்காத! தூக்கு!"

அந்தப் பெண் அப்படியே உறைந்தாள். தட்டு அசையவில்லை. நாலு அறைகளிலிருந்தும் தலைகள் திரும்பின. திரி அடுக்கியவள் எழுந்து வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காயவைக்கும் மேடையில் வைத்தார்கள்.  மரத்தின் மேல் நான் மட்டும் வழியை அடைக்காதீர்கள் என்று தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.  இழு என்பது 'இளு' ஆகி, ஐந்து வயதில் தண்ணி லாரி மழையில் நின்று கத்திய அதே சத்தம். நான்தானா கத்தினேன் என்று, அன்றைக்கு அந்த இருட்டு அறையில் செய்த மாதிரியே, வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முத்துமாரி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"யக்கா, இம்புட்டு நாளா இந்தக் குரல எங்கன வச்சிருந்தீக?"

பத்தாவது படம்

மறுபடியும் ஸ்டூடியோ. இந்தத் தடவை காகிதம் இல்லை. முத்துமாரியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, அவளிடம் சொல்வது போலவே சொன்னேன். "தட்டை இளுக்காதீக, ஆளக் கூப்பிட்டுத் தூக்குங்க. கீள சிந்துனா மிதிக்காதீக, உடனே சொல்லுங்க. வளியில எதையும் வைக்காதீக, ஓடணும்னா ஓடணும்ல?" கடைசி வரி முத்துமாரி சேர்த்தது. ஸ்டூடியோ தம்பி பதிவு முடிந்ததும் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். 'ழ' வர வேண்டிய இடமெல்லாம் 'ள' வந்திருக்கிறது, கம்ப்யூட்டரிலேயே சுத்தமான ஒரு குரல் இருக்கிறது, என் பேச்சை அப்படியே அந்தக் குரலுக்கு மாற்றித் தருகிறேன், ரெண்டு நிமிஷ வேலை என்றான். இந்தக் காலத்துக் குரல்காரம்மாவுக்கு முட்டிவலிகூட இல்லை. வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு ஷாட்டை நானே ஓகே சொன்னது அதுதான் முதல் தடவை.

போன திங்கட்கிழமை பேச்சி கைக்கட்டு அவிழ்த்து வேலைக்குத் திரும்பினாள். உள்ளங்கைத் தோல் இன்னும் ரோஸ் நிறத்தில், புதுசாக இருந்தது. மருந்து அறை வேண்டாம், லேபிள் ஒட்டுகிற இடத்துக்கு மாறிக்கொள் என்று ஜெயந்தி சொன்னாளாம், அவள் கேட்கவில்லை. நான் கோட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றேன். அவளுக்கு என்னைத் தெரியாது. சினிமாவையும் தெரியாது, முகத்தையும் தெரியாது. ஒலிபெருக்கி ஆரம்பித்தது. அறைக்குள் பேச்சி ஒரு தட்டின் முன்னால் குனிந்தவள், "இளுக்காதீக" என்றதும் கையை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவளைக் கண்ணால் கூப்பிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். தூக்கிய பிறகு பேச்சி மரத்தைப் பார்த்து, வீட்டில் நச்சரிக்கிற மாமியாருக்குப் பதில் சொல்வதைப் போல ஒலிபெருக்கிக்குப் பதில் சொன்னாள்.

"தூக்கிட்டேன் தாயி, தூக்கிட்டேன்! சும்மா கத்திக்கிட்டே இருக்காதீக!"

ஒன்பது படங்களில் குரல் இல்லாமல் முகத்தை மட்டும் கொடுத்த எனக்குப் பத்தாவது படம் தினமும் காலை ஏழாயிரம்பண்ணையில் ஓடுகிறது; குரல் முழுக்க என்னுடையதுதான், இந்தத் தடவை முகத்தைத்தான் யாரும் கேட்கவில்லை.